லைப்சிக் நகரத்து இசையாசிரியர்

மேலை நாட்டு இசையைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் சொற்களால் வருவதாகும். காண்டாட்டா என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பாடப்படுவது என்பதற்கு மேல் பொருளில்லை. கருவியில் ஒலிப்பது சொனாட்டா; வாயாற் பாடுவது காண்டாட்டா. இச்சொல் இன்று குறிக்கும் கோயில் இசைவடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியின் லூத்தரன் ஆலயங்களில் முழு வளர்ச்சி பெற்றது. தொடக்கத்தில் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து எழுப்பும் கூட்டிசை. அதன்பின், நம்மவர் விருத்தம் பாடுவதுபோலத் தாளக்கட்டுத் தளர்ந்த உரைப்பாட்டு. பின்னர் ஒருவரோ இருவரோ பாடும் ஆரியா. முடிவில், சபையார் அனைவரும் சிறு வயது முதல் அறிந்த ஞானப்பாட்டு ஒன்றின் சரணம். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இவ்வகையில் பாக் இயற்றியவற்றுள் ஏறத்தாழ இருநூறு இன்று நமக்குக் கிடைத்துள்ளன. அவரோ அவற்றைக் காண்டாட்டா என்று அழைத்தது அரிது. நம்மவர் பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்குவதுபோல, தாளின் தலையில் இயேசுவின் உதவியை வேண்டும் இரண்டு எழுத்துகளை இடுவார். எழுதி முடித்தபின், மகிமை இறைவனுக்கே உரியது என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகளை அடியில் இடுவார். அடுத்த ஞாயிற்றுக்குரிய தாளை எடுத்துக்கொள்வார்.

யோஹான் செபாஸ்டியன் பாக் 1685-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், தூரிங்கியா நாட்டின் ஐசனாக் நகரில் பிறந்தார். தந்தை நகராட்சியின் ஊதியம் பெற்ற வாத்தியக்காரர். அக்குடும்பத்தில் இசை குலத்தொழில். தச்சன் மகன் உளி பிடிப்பதுபோல அவ்வீட்டுப் பிள்ளைகள் வயலின் பிடித்தார்கள். ஒன்பதாம் வயதில் தாயையும் பத்தாம் வயதை எட்டுமுன் தந்தையையும் இழந்த சிறுவனை, ஓர்ட்ரூஃப் என்ற சிற்றூரில் ஆர்கன் வாசித்துவந்த தமையனார் ஏற்று வளர்த்தார். பதினைந்தாம் வயதில் வடக்கே லூனபர்க் நகரப் பள்ளியில் பாடகர் குழுவில் சேர்ந்து, பாடும் குரலே தன் உணவுக்கும் கல்விக்கும் வழியாக வாழ்ந்தார். 1703-இல் ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஆர்கன் வாசிப்பவராக முதல் நிலையான பணி அமைந்தது. 1705-இல், இருபது வயதில், லூபெக் நகரில் முதுமையடைந்திருந்த புக்ஸ்டஹூட என்னும் இசைமேதையைக் கேட்பதற்காக நான்கு வார விடுப்பு வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே சென்றார்; திரும்பியதோ நான்கு மாதம் கழித்து. மேலிடத்தார் விளக்கம் கேட்டபோது, கலையைக் கற்கச் சென்றேன் என்ற அளவில் விடை சொல்லி நின்றார். பணி கொடுத்தோருக்கும் அவருக்கும் இடையே வாழ்நாள் முழுதும் தொடர்ந்த பிணக்கு இங்கே தொடங்கிற்று எனலாம்.

1707-இல் மூல்ஹவுசன் நகருக்குச் சென்றார். தம் உறவுப் பெண்ணான மரியா பார்பராவை மணந்ததும் அவ்வாண்டே. மறு ஆண்டு அவ்வேலையை விட்டு விலகும்போது நகர மன்றத்துக்கு அவர் எழுதிய மடல் கவனத்துக்குரியது. இறைவனின் புகழுக்காக முறைமையோடு அமைந்த ஒரு கோயில் இசையை நிலைநாட்டுவதே தம் குறிக்கோள் என்று அதில் தெரிவித்தார். அப்போது வயது இருபத்து மூன்று. அக்குறிக்கோளுக்கு வாய்ப்பான இடம் அமைய இன்னும் பதினைந்து ஆண்டுகள் கழியவேண்டியிருந்தன.

வைமார் அரண்மனையில் 1714 முதல் மாதத்துக்கொரு காண்டாட்டா எழுதும் கடமை அவர்க்கு இருந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் ஹாலே நகர ஆலயம் ஒன்று அவரை அழைத்தது, அவர் போகவில்லை. அந்த ஹாலே நமக்குப் புதிய பெயரன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு கல்வி கற்ற நகரம் அதுவே. பாக்கின் காண்டாட்டாக்களுக்கு அடித்தளமான அதே ஜெர்மானியச் சபைப்பாடல்கள், மெட்டு மாறாமல் தமிழுருப் பெற்று ஞானப்பாட்டு என்ற பெயரால் நம் லூத்தரன் ஆலயங்களில் வழங்கலாயின. அவ்வாலயங்களில் வளர்ந்த தமிழர் ஒருவர் பாக்கின் இசையை முதன்முறை கேட்கையில், நடுவே திடீரென்று தெரிந்த மெட்டு ஒன்று எழக் கண்டு வியப்பது இதனால்தான்.

வைமாரிலிருந்து விலக விரும்பியபோது, விடை கொடுக்க மனமில்லாத கோமகன் 1717-இல் அவரை ஏறத்தாழ ஒரு மாதம் காவலில் வைத்தார். பின்பு கோத்தன் சிற்றரசில் ஐந்தரை ஆண்டுகள். இளவரசர் லியோபோல்டு இசையை நேசித்தவர். ஆனால் அவ்வரண்மனை கால்வினிய மரபைச் சார்ந்ததாதலின் வழிபாட்டில் பேரிசைக்கு இடமில்லை. 1720-இல் இளவரசருடன் கார்ல்ஸ்பாட் சென்று திரும்பியவர், நலமாக விட்டுச்சென்ற மனைவி இறந்து அடக்கமும் ஆகிவிட்டதை வீட்டு வாயிலில் அறிந்தார். மறு ஆண்டின் இறுதியில் அரண்மனைப் பாடகியான அன்னா மக்தலேனாவை மணந்தார்.

இனி லைப்சிக். 1722-இல் அந்நகரத்துப் புனித தோமா பள்ளியின் இசையாசிரியர் கூனௌ காலமானார். மன்றத்தார் முதலில் விரும்பியது டெலமானை, அவர் மறுத்தார். அடுத்துக் கிராவ்ப்னரை நாடினர். அவருடைய அரசர் அவரை விடவில்லை. மூன்றாவதாகவே பாக்கின் பெயர் உறுதியாயிற்று. சிறந்தவர் கிடைக்காதபோது நடுத்தரத்தாரை ஏற்கவேண்டியதுதான் என்னும் பொருள்பட உறுப்பினர் ஒருவர் பேசியது மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அவர் யாரை மனத்தில் வைத்துப் பேசினார் என்று அறிஞர் வாதிடுவர். எனக்குத் தோன்றுவது, அம்மன்றம் தேடியது மாணவர்க்கு இலத்தீனும் ஒழுக்கமும் கற்பிக்கும் ஒரு பள்ளி ஆசிரியரையே என்பதாகும். பாக் கையெழுத்திட்ட உறுதிமொழியும் அதையே காட்டும்: ஆலய இசை மிக நீளக்கூடாது, நாடக மேடையின் சாயல் படியக்கூடாது, நகரத் தலைவரின் அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறக்கூடாது. இவற்றுக்கெல்லாம் இசைந்து, 1723 மே 22-ஆம் நாள், நான்கு வண்டிகளில் தட்டுமுட்டுப் பொருள்களும் இரண்டு வண்டிகளில் குடும்பமுமாக வந்து சேர்ந்தார். எட்டாம் நாள், மே 30, ஞாயிறு, புனித நிக்கோலா ஆலயத்தில் முதல் காண்டாட்டா ஒலித்தது.

அங்கு ஒரு வாரம் எவ்வாறு கழிந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். ஞாயிறு தோறும் பைபிளின் எந்தப் பகுதி படிக்கப்படவேண்டும் என்பது திருச்சபை ஆண்டின்படி முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அப்பகுதியை ஒட்டி எழுதப்பட்ட பாடலுரை சிறு நூலாக அச்சாகிச் சபையார்க்கு விற்கப்படும். ஆதலின் கடைசி நேரத்தில் பாட்டை மாற்றுதல் இயலாது. வாரத்தின் முற்பகுதியில் இசையமைக்கவேண்டும். மை உலர்ந்த தாள்களை உடனுக்குடன் படியெடுப்போர் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு பாடகர்க்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனி ஏடுகளாக எழுதுவர். பள்ளி மாணவர்களும், வளர்ந்துவந்த பிள்ளைகளும், அன்னா மக்தலேனாவும் அவ்வேலையில் அமர்ந்தார்கள். கோத்தன் அரண்மனையில் ஊதியம் பெற்றுப் பாடிய அவ்வம்மையார் லைப்சிக் ஆலயங்களில் வாய் திறக்க இயலாது. அங்கே பெண்கள் பாடும் வழக்கமில்லை. மேற்குரல்களைச் சிறுவர்களே பாடினர். கணவர் இயற்றிய ஆரியாக்களைத் தம் கையால் படியெடுத்துச் சிறுவர் குரலில் கேட்பதே அவர்க்கு வாய்த்தது. சனிக்கிழமை ஒத்திகை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வழிபாடு. நற்செய்தி வாசிப்புக்குப் பின், ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்கு முன், காண்டாட்டா. இரண்டு தலைமை ஆலயங்களிலும் மாறி மாறி இது நடக்கும். அன்று மாலையே அடுத்த வாரம் தொடங்கிவிடும்.

தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்திய மூன்று ஞாயிறுகளிலும் ஆலயத்தில் இவ்விசை நிறுத்திவைக்கப்படும். அது ஓய்வென்று எண்ணவேண்டா. பெரிய நாள்களுக்கான ஆயத்தம் அப்போதுதான் நிகழும். 1724 டிசம்பர் 25 முதல் 1725 ஜனவரி 7 வரையுள்ள பதினான்கு நாள்களில் ஏழு புதிய காண்டாட்டாக்கள் அரங்கேறின. அவற்றுள் ஏதேனும் ஒன்று, வேறொருவர் இயற்றியிருந்தால் அவர் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. 1724 ஜூன் முதல் 1725 மார்ச் வரை, ஒவ்வொன்றும் ஒரு ஞானப்பாட்டை அடியாகக் கொண்ட நாற்பது காண்டாட்டாக்களைத் தொடர்ச்சியாக எழுதினார். முதல் சரணமும் கடைசிச் சரணமும் உள்ளவாறே நிற்க, இடைப்பட்டவை உரைப்பாட்டும் ஆரியாவுமாக உருமாறும். நாற்பதிலும் தொடக்கக் கூட்டிசை ஒன்றுபோல் ஒன்றில்லை.

இவ்வேகம் நெடுங்காலம் அறியப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள், இந்த ஞானப்பாட்டுக் காண்டாட்டாக்கள் பாக்கின் முதுமைக் காலத்தில் நிதானமாக எழுதப்பட்டவை என்று நம்பினர். 1950-களில் ஆல்ஃபிரட் தியூர், கியோர்க் ஃபொன் டாடல்சன் என்னும் இருவர், தாள்களின் நீர்க்குறிகளையும் படியெடுத்தோரின் கையெழுத்துகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, கிடைத்துள்ள லைப்சிக் காண்டாட்டாக்களில் பெரும்பகுதி முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள் பிறந்துவிட்டவை என்று நிறுவினர். பக்தி கனிந்த முதியவர் என்ற பழைய படம் அதனோடு கலைந்தது. அவ்விடத்தில் நாம் காண்பது, முப்பத்தெட்டு வயதில் ஒரு நகரத்துக்கு வந்து, இருபத்து மூன்றாம் வயதில் தீட்டிய திட்டத்தை ஒரே மூச்சில் நிறைவேற்றி முடித்த மனிதரை. அத்திட்டத்துக்கு அவ்வீடு கொடுத்த விலையும் சிறிதன்று. மாணவர் விடுதியை ஒட்டிய அந்தப் பள்ளிக் குடியிருப்பில் 1726 முதல் 1733 வரை ஏழு குழந்தைகள் இறந்தன. இரு மனைவியரிடமும் பிறந்த இருபதின்மருள் பெரியவர்களாக வளர்ந்தவர் பத்துப் பேரே.

1727-க்குப் பின் புதிய காண்டாட்டாக்கள் அருகத் தொடங்கின. ஏன் என்பதற்கு 1730-இல் அவர் மன்றத்துக்கு அளித்த விண்ணப்பமே போதிய விடையென்று கருதுகிறேன். ஆலய இசைக்கு எத்தனை குரல், எத்தனை கருவி வேண்டும் என்று எண்ணிக் காட்டிய அவ்விண்ணப்பத்தின் இறுதியில் தம் மாணவர் ஐம்பத்து நால்வரையும் மூன்றாகப் பிரித்தார்: பயன்படுவோர் 17, இனிமேல் பயன்படக்கூடியோர் 20, எதற்கும் பயன்படாதோர் 17. நான்கு ஆலயங்களுக்கு இந்தப் பதினெழுவரையும் இருபதின்மரையும் பகிர்ந்து அனுப்பவேண்டும். நாம் இன்று பேரதிசயமாகக் கேட்கும் இசை இவ்வளவு எளிய படையைக் கொண்டு ஒலித்தது. மன்றம் அவ்விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் டான்சிக் நகரில் உயர்பதவியில் இருந்த பள்ளித் தோழர் எர்ட்மானுக்கு வேறு வேலை தேடித் தரும்படி எழுதினார். மேலிடத்தார்க்கு இசையில் நாட்டமில்லை, செலவு மிகுந்த ஊர் என்றெல்லாம் முறையிட்டவர், காற்று நல்லதாக வீசினால் சாவு குறைந்து, அடக்கப் பாட்டுக்குரிய வரும்படியும் குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். முந்திய ஆண்டில் மட்டும் நூறு தாலருக்கு மேல் இழப்பாம். தெய்விக இசைஞரின் வாயில் இக்கணக்கா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. பிள்ளைகள் நிறைந்த வீட்டைக் காப்பவரின் கணக்கு வேறெப்படி இருக்கும்?

வேறு வேலை அமையவில்லை. மனக்கசப்பு நிறைந்த அந்நாள்களுக்குச் சற்றுப் பின்னர்ப் பிறந்ததுதான் அவர் காண்டாட்டாக்களுள் உலகம் மிக நன்கறிந்த ஒன்று. அதன் வரலாறு அவருடைய இயல்பை நமக்குக் காட்டும்.

ஈஸ்டர் மிக முன்னதாக வரும் ஆண்டுகளில் மட்டுமே, திரித்துவ ஞாயிற்றுக்குப் பின் இருபத்தேழாம் ஞாயிறு என்று ஒன்று நாள்காட்டியில் இடம்பெறும். ஞானப்பாட்டு வரிசையை எழுதிய 1724-இல் அது வரவில்லை; ஆகவே அந்நாளுக்குரிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1731 நவம்பர் 25-இல் அந்த ஞாயிறு வந்தது. பழைய காண்டாட்டா ஒன்றைத் திரும்பப் பாடச் செய்திருந்தால் கேட்பார் யாருமில்லை. பாக் உட்கார்ந்து புதிதாக எழுதினார். அவருடைய லைப்சிக் வாழ்வு முழுவதிலும் அந்த ஞாயிறு இன்னும் ஒரே முறை, 1742-இல், வந்தது.

விழித்தெழ அழைக்கும் குரலைப் பாடும் அந்த ஞானப்பாட்டை இயற்றியவர் பிலிப் நிக்கோலாய் என்னும் போதகர். உன்னா என்ற ஊரில் கொள்ளைநோயில் மக்கள் நூற்றுக்கணக்கில் மடிந்த காலத்தில் எழுதி 1599-இல் வெளியிட்டார். மணவாளனை எதிர்நோக்கி விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியரைப் பற்றிய உவமையே அதன் பொருள். பாக் அதன் மூன்று சரணங்களை மூன்று தூண்களாக நிறுத்தினார்: முதலில், நடுவில், முடிவில். தூண்களுக்கிடையே இரண்டு உரைப்பாட்டுகளும், ஆன்மாவாகிய மணமகளும் கிறிஸ்துவாகிய மணமகனும் உரையாடும் இரண்டு இருவர்பாட்டுகளும். நாயக நாயகி பாவத்தில் பழகிய தமிழ் நெஞ்சுக்கு இவ்வமைப்பைத் தனியே விளக்கவேண்டியதில்லை. முதல் இருவர்பாட்டில் மணமகள் ஏக்கத்தோடு வரவை வினவ, வழக்கமான வயலினைவிடச் சிறியதும் குரல் உயர்ந்ததுமான ஒரு வயலின் அவ்விருவரையும் சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டாவதில் ஓபோ என்னும் குழல் துணைநிற்க, ஏக்கம் தீர்ந்து இரு குரல்களும் ஒன்றையொன்று தழுவி நடக்கின்றன. தொடக்கக் கூட்டிசையிலோ, கம்பிக் கருவிகளும் ஓபோக்களும் துள்ளும் நடையில் ஊர்வலம்போல் முன்னேற, கொம்பின் துணையோடு சிறுவர்களின் மேற்குரல் பழைய மெட்டை நீண்ட சுரங்களில் நிறுத்திப் பாடுகிறது. கீழ்க்குரல்கள் மூன்றும் அதன் அடியில் பரபரக்கின்றன. நடுச் சரணத்தில் கம்பிக் கருவிகள் அனைத்தும் ஒரே இழையாக ஒரு புதிய மெட்டை வாசிக்கின்றன. அது முழுமையானது, வேறெதையும் வேண்டாதது என்று நாம் எண்ணும் வேளையில் தெனோர் குரல் நுழைந்து ஞானப்பாட்டைத் தன் போக்கில் பாடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. பாக்குக்கே இப்பகுதியில் தனி விருப்பம் இருந்ததென்று தோன்றுகிறது. 1740-களின் இறுதியில் ஆர்கனுக்கென இதை மாற்றி எழுதி அச்சிட்டார். கணக்கற்ற காண்டாட்டாக்களை எழுதியவர் தம் வாழ்நாளில் அச்சேறக் கண்டவை மிகச் சிலவே. அவற்றுள் நமக்கு எஞ்சியிருப்பது மூல்ஹவுசன் நகர மன்றத்துக்காக 1708-இல் எழுதிய ஒன்றுதான்.

பிற்கால நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1729 முதல் காப்பிக் கடை ஒன்றில் மாணவர் இசைக் கழகத்தை நடத்தினார். 1736 முதல் பள்ளித் தலைவர் எர்னஸ்டியோடு மாணவத் தலைவரை நியமிக்கும் உரிமை பற்றி ஓயாத வழக்கு. 1747-இல் போட்ஸ்டாம் நகரில் பிரெடரிக் மன்னர் முன் வாசித்த பெருமை. 1749 ஜூன் மாதத்தில், பாக் உயிரோடு இருக்கும்போதே, அவர் இடத்துக்கு வரவேண்டியவரைத் தேர்வு செய்து வாசிக்கச் செய்து கேட்டுவைத்துக்கொண்டது லைப்சிக் மன்றம். மறு ஆண்டு வசந்தத்தில் டெய்லர் என்னும் ஆங்கிலக் கண் மருத்துவர் இருமுறை அறுவை செய்தும் பார்வை திரும்பவில்லை. 1750 ஜூலை 28 மாலை பாக் காலமானார்.

ஏடுகள் பிரிந்தன. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமான் ஒரு பங்கையும், கார்ல் பிலிப் இமானுவேல் ஒரு பங்கையும் பெற்றனர். இளையவர் தம் பங்கைப் போற்றிக் காத்தார். மூத்தவர் வறுமையில் வீழ்ந்தார். ஞானப்பாட்டு வரிசையின் மூல ஏடுகளை இருபது பொற்காசுக்குக் கொடுக்க முன்வந்தவர், பின்னர் நெருக்கடி முற்றிப் பன்னிரண்டு தாலருக்கு விற்றுவிட்டதாகப் பாக்கின் முதல் பெரும் வரலாற்றாசிரியரான ஃபோர்க்கல் குறித்துள்ளார். நூறு காண்டாட்டாக்களாவது இவ்வாறு அழிந்திருக்கும் என்பது அறிஞர் கணிப்பு. அன்னா மக்தலேனாவின் பங்குக்கு வந்தவை அதே வரிசையின் பாடகர் ஏடுகள். பள்ளிக் குடியிருப்பில் இன்னும் சில மாதம் தங்கியிருக்க இசைவு பெறும்பொருட்டு அவற்றை அவர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். 1760-இல் நகரத்தின் தரும உதவியை அண்டி வாழ்ந்த ஏழை விதவையாக அவர் இறந்தார். அவர் கொடுத்த நாற்பதுக்கு மேற்பட்ட ஏட்டுக் கட்டுகளுள் 1731-இல் எழுதியதும் ஒன்று. அதன் மூலப்படி மறைந்துவிட்டது. பாடகரும் வாத்தியக்காரரும் கையில் பிடித்த அந்தத் தனி ஏடுகளிலிருந்தே அக்காண்டாட்டா இன்று பாடப்படுகிறது.

1829-இல் மெண்டல்சன் பெர்லினில் மத்தேயு திருப்பாடுகளை மீண்டும் ஒலிக்கச் செய்தார். அதன்பின்னும் காண்டாட்டாக்கள் இருபது ஆண்டு உறங்கின. 1850-இல் அமைந்த பாக் கழகம், அடுத்த ஆண்டு வெளியிட்ட முதல் தொகுதியிலேயே பத்துக் காண்டாட்டாக்களைப் பதிப்பித்தது. முழுப் பதிப்பு முற்றுப்பெற அரை நூற்றாண்டு ஆயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஜான் எலியட் கார்டினர் என்னும் ஆங்கில இசைஞர், எஞ்சியுள்ள கோயில் காண்டாட்டாக்கள் அனைத்தையும் அவையவை உரிய ஞாயிறுகளிலேயே, ஊர் ஊராகச் சென்று ஓராண்டில் பாடி முடித்தார். தேர்ந்த பாடகர்களும் பொருளுதவியும் நிறைந்த குழுவுக்கே அது பெரும் சோதனையாக இருந்தது.

அடையாளமின்றி அடக்கம் செய்யப்பட்ட பாக்கின் உடல் 1894-இல் தோண்டியெடுக்கப்பட்டது. 1950 முதல் புனித தோமா ஆலயத்தின் பலிபீடத்துக்கு முன் உள்ளது. அன்னா மக்தலேனா கொடுத்த ஏடுகள் அவ்வாலயத்துக்கு எதிரில் உள்ள பாக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தோமா பள்ளிச் சிறுவர்கள் சனிக்கிழமை பிற்பகல்களில் அவ்வாலயத்தில் காண்டாட்டா பாடுகிறார்கள்.